நீட்டுப் படத்தில் சுசீலா மிஸ்

வவுனியா
20 ஜனவரி 2025

செல்வி ஸஹ்னா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சுசீலாதேவி. மாத்தளைத் தபால் கந்தோரில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்கள் உம்மா ஹவ்வாவிடம் கேட்டால் என்னைப் பற்றிச் சொல்வார். நல்லதாகச் சொல்வாரா என்று தெரியாது. டிசம்பர் கடைசியில் மாத்தளை வீட்டைக் கொடுத்துவிட்டு, வவுனியாவில் என் தம்பி விஜயரத்தினத்தின் குடும்பத்தோடு வந்து இருக்கிறேன்.

இதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் முறைப்பாடு என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, நீங்கள் தபால் கந்தோருக்கு எதிரேயுள்ள கடையின் மேல்மாடியில் நின்று, வீதியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளமாகப் படம் எடுத்தீர்கள். முதல் நாளே கடை கடையாக ஏறி இறங்கி, "நாளைக்கு நீட்டுப் படம் எடுக்கிறேன், எல்லாரும் வழக்கம்போல இருங்க" என்று சொன்னீர்கள். எனக்கும் சொன்னீர்கள். ஆகவே நான் மாம்பழ நிறச் சேலை உடுத்துக்கொண்டு கந்தோர் வாசற்படியில் வந்து நின்றேன். நீங்கள் மேலேயிருந்து கை காட்டினீர்கள். நானும் காட்டினேன்.

இப்போது அந்தப் படம் நகர மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது, ஊரே போய்ப் பார்க்கிறது என்று கேள்விப்பட்டேன். என்னோடு வேலை செய்த ஸுபைதா பார்த்துவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னது இது: "மிஸ், எல்லாரும் இருக்காங்க. லொத்தர் டிக்கட் விக்கிற ஆள் இருக்கார். அவர்ட காலடியில நாய் படுத்திருக்கு. உங்களத்தான் காணல்ல."

நம்பாமல், படத்தைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் ஒரு தபால் பெட்டி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தபால் பெட்டி நிற்கிறது. அந்த வாசலில் என்றைக்கும் ஒரு பெட்டிதான்.

என் கேள்விகள் இரண்டு. நான் எங்கே? அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது?

பதிலை எதிர்பார்க்கும்,
சுசீலாதேவி


மாத்தளை
27 ஜனவரி 2025

அன்புள்ள சுசீலா மிஸ்,

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. உக்குவளையில் ஒரு கலியாணம், பெண்கள் பக்கம் படமெடுக்கப் போயிருந்தேன். அதுதானே என் தொழில். எங்கள் வீட்டுக்குக் கையால் எழுதிய கடிதம் வந்து எத்தனையோ காலம். உம்மா அதை மேசை நடுவில் வைத்துவிட்டு, "கோர்ட்டுல இருந்து வந்ததோ தெரியா" என்று அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாராம். பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது!

முதல் கேள்விக்குப் பதில்: உங்களை அழித்தது நான்தான்.

கோபிக்காமல் கேளுங்கள் மிஸ். நீட்டுப் படம் என்பது ஒரு படம் இல்லை. கெமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒன்றின் ஓரம் அடுத்ததின் மேல் விழுகிற மாதிரி பல படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கம்பியூட்டர் அவற்றை ஒட்டும். இரண்டு படம் சேருகிற இடத்தில் நிற்பவர் அசையக் கூடாது. நீங்கள் சரியாக அந்த இடத்தில் நின்றீர்கள். நின்றது மட்டுமா, அசைந்தீர்கள்! முதல் படத்தில் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறீர்கள். அடுத்ததில் பஸார் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள். கம்பியூட்டர் இரண்டையும் ஒட்டி உங்களுக்கு இரண்டு முகமும் மூன்று கையும் வைத்துவிட்டது. அப்படியே சுவரில் தொங்கவிட்டிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? உங்கள் மரியாதைக்காகத்தான் எடுத்தேன். கலியாணப் படங்களில் எத்தனை பேருடைய பருவை அழித்திருக்கிறேன், இன்று வரை ஒருவரும் முறைப்பாடு எழுதியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "வழக்கம்போல இருங்க" என்றுதான் நான் சொன்னேன். நீங்கள் கலியாணத்துக்கு வந்த மாதிரி வந்து நின்றீர்கள். இந்தப் படங்களை நான் எடுப்பதே கலியாணத்திலிருந்து தப்பத்தான் மிஸ். அங்கே எல்லாரும் எனக்காகச் சிரிக்கிறார்கள். வீதியில் ஒருவரும் என்னைக் கவனிப்பதில்லை. ஒருவர் பேக்கரிப் பாணை அக்குளில் இடுக்கிக்கொண்டு சில்லறை தேடுவார், ஒரு பிள்ளை சப்பாத்து நாடாவைக் கட்டத் தெரியாமல் நிற்கும். ஒரே படத்தில் இவ்வளவு பேரும் என்று பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இரண்டாவது கேள்வி. நீங்கள் நின்ற இடத்தை மூடப் பக்கத்துச் சுவரைப் பிரதி எடுத்து ஒட்டினேன். பெட்டியும் கூட வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. வவுனியாவில் இருந்துகொண்டு நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னார். நல்லதாகத்தான் சொன்னார்.

ஸஹ்னா


வவுனியா
3 பெப்ரவரி 2025

ஸஹ்னா அவர்களுக்கு,

பதில் கிடைத்தது. மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் திரும்பியது உண்மை. யாரோ "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். அந்த வீதியில் அப்படிக் குரல் கேட்டால் நான் திரும்பாமல் இருந்ததே இல்லை. இங்கே அந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் நான் அக்கா, மாமி. படலைக்கு வெளியே போனால் விஜயரத்தினம் ஐயாவின் தமக்கை. பெயர் சொல்லியோ வேலை சொல்லியோ கூப்பிட ஒருவரும் இல்லை. தம்பியின் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "மாமி, நீங்கள் ஏன் 'போறேன், வந்தாங்க' எண்டு கதைக்கிறீங்கள்?" யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்த புதிதில் "இஞ்ச, எங்கட" என்று நான் கதைப்பதைக் கேட்டு அங்கே எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு பக்கத்திலும் சிரிப்புத்தான்.

படம் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். "என்ர ஊர்ப் படம் வந்திருக்கு, ஓடி வாங்கோ" என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன். தம்பி, அவன் மனைவி அஜிதா, பிள்ளைகள் எல்லாரும் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து, "மாமி எங்க, மாமி எங்க" என்று ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தேடினார்கள். திரும்பவும் தேடினார்கள். கடைசியில் தம்பி கண்ணாடியைக் கழற்றி, "அக்கா, உங்கட ஊர் உங்களை மறந்துபோச்சு" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இரண்டு முகமோ மூன்று கையோ, நான் நிற்கிற அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

சுசீலாதேவி


மாத்தளை
10 பெப்ரவரி 2025

அன்புள்ள மிஸ்,

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். சுருட்டிக் குழாய்க்குள் வைத்திருக்கிறேன், இரண்டு பேர் பிடித்து விரித்தால் நல்லது. ஸுபைதா ராத்தாவிடம்தான் தபாலில் போடக் கொடுத்தேன். "இது யாருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "இதுக்குள்ள மிஸ் இருக்காங்களா?" என்று குழாயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குசினியில் நின்ற இடம் வந்ததும் உம்மா என்னை ஏசத் தொடங்கிவிட்டார். "ஒரு மனுசிய எப்பிடிடி அழிச்சாய்? வாப்பா மௌத்தான நேரம், ஒரு தாளும் விளங்காம நான் நின்னப்ப, கவுண்டருக்கு வெளிய வந்து பக்கத்துல இருந்து எழுதிக் குடுத்த மனுசி அவ!" எனக்கு இது தெரியாது மிஸ். வாப்பா இறந்த அந்த நேரம் நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். உங்கள் பேனாவைப் பிடுங்கப் பார்த்தேனாம்.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் தேர். இந்த முறை அது நோன்பு மாதத்துக்குள் வருகிறது. ஒரு பக்கம் தேர் வரும், மறு பக்கம் கடைகளில் நோன்பு திறக்க ஆயத்தம் நடக்கும். திருகோணமலை வீதி முழுவதையும், ஐந்து தேரையும் ஒரே நீட்டுப் படத்தில் எடுக்கப் போகிறேன். நகர மண்டபத்தில் பழையதைக் கழற்றிவிட்டு அதைத் தொங்கவிடச் சம்மதித்திருக்கிறார்கள். நீங்கள் வந்து நில்லுங்கள். அசைந்தாலும் பரவாயில்லை. ஒட்டுகிற இடம் உங்கள் மேல் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் தங்கலாம். உம்மா இப்போதே தலையணை உறை தைக்கிறார்.

ஸஹ்னா


வவுனியா
17 பெப்ரவரி 2025

அன்பின் ஸஹ்னா பிள்ளை,

இனி "நீ" என்றுதான் எழுதுவேன். என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தவளுக்கு என்ன "நீங்கள்"?

தம்பி ஒரு முனையையும் அஜிதா மறு முனையையும் பிடித்துப் படத்தை விரித்தார்கள். முதலில் எனக்குத் திக்கென்றது. ஒரு முகம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. மறு முகம் அந்தப் பக்கம் யாரையோ பார்த்து, "என்ன?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒரு கை உனக்குக் காட்டுகிறது, ஒரு கை கைப்பையைப் பிடித்திருக்கிறது, மூன்றாவது கை சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறது. அஜிதா படத்தை விட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். தம்பி, "இவ்வளவு காலமும் அக்கா அந்தக் கந்தோரைத் தனிய எப்பிடிச் சமாளிச்சவ எண்டு இப்பதான் விளங்குது" என்றான். எனக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். படம் இப்போது விறாந்தைச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் காட்டுகிறார்கள். நீ அழித்திருக்கவே தேவையில்லை.

ஆனால் தேருக்கு வரமாட்டேன்.

தம்பி தடுக்கவில்லை. முழங்கால் நோவும் காரணமில்லை. அந்த வீதியில் நான் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவள். இனி வந்தால் பயணப் பையோடு வர வேண்டும். கண்டவர்கள் "எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க" என்று கேட்பார்கள். விருந்தாளியாக அங்கே போய் நிற்க எனக்கு மனம் இல்லை. உம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

சுசீலா மிஸ்


மாத்தளை
21 பெப்ரவரி 2025

மிஸ்,

உம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்களே வந்து சொல்லுங்கள்.

உண்மையில் எனக்கு இப்போது வேறு தலையிடி. தேர்ப் படம் எடுக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான், ஜிப்ரி ஹாஜியாரின் இரும்புக்கடை மொட்டை மாடி. அங்கிருந்து பார்த்தால்தான் வீதி இரண்டு பக்கமும் தெரியும். போய்க் கேட்டேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். போன படத்தில், தூரத்தில், அவருடைய மாடிக் கொடியில் சாரம் காய்ந்தது தெரிகிறதாம். "என்ட சாரத்த ஊருக்கே காட்டிட்டாய். இப்ப என்ட மாடியிலயே ஏறி நின்டு இன்னும் என்னத்தக் காட்டப்போறாய்?" சாரத்தை அழித்துத் தருகிறேன் என்றேன். "நீ அழிச்சா அந்த இடத்துல என்ன முளைக்கும்ன்டு யாருக்குத் தெரியும்?" என்றார். தபால் பெட்டிக் கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. பரப்பியது ஸுபைதா ராத்தா.

உம்மா சொல்கிறார், ஹாஜியார் ஒரு ஆளுக்குத்தான் மறுத்துப் பேசமாட்டாராம். அது நீங்களாம். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். மிஸ், ஒரு கடிதம் எழுதுவீர்களா? மாடி இல்லாவிட்டால் படம் இல்லை.

ஸஹ்னா


வவுனியா
28 பெப்ரவரி 2025

ஸஹ்னா பிள்ளை,

ஜிப்ரிக்கு எழுதினேன். நான்கே வரிதான். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

"மிஸ், மாடி திறக்கிறேன். ஆனா நீங்களும் வரணும். உங்களுக்குக் கதிரை போட்டு வைப்பேன். நீங்க வராட்டி பூட்டு பூட்டுத்தான்."

"நான் இப்ப அந்த ஊர் இல்லையே ஹாஜியார்."

"அது யார் சொன்னது? நேத்தும் கந்தோர் வாசல்ல நின்டு உங்களத்தான் தேடினேன். அங்க இருக்கிற புது மிஸ் நல்ல பிள்ளை. ஆனா ஏசத் தெரியாது."

உன் உம்மா ஏன் சிரித்தார் என்று கேட்டாயே. ஜிப்ரி என்றைக்கும் வரிசையில் நிற்கமாட்டார். ஒரு நாள் நான் அவரைக் கடைசியில் போய் நிற்க வைத்தேன். பள்ளிவாசல் தலைவர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போய் நின்றார். அன்றிலிருந்து வரும்போதெல்லாம், "மிஸ், நான் வரிசையிலதான் நிக்கிறேன்" என்று தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்.

ஆகவே வருகிறேன். தம்பி, "ரெண்டு நாளில வந்திடுங்கோ அக்கா" என்றான். சரி என்றேன். நோன்பு நேரம் உங்கள் வீட்டுக்கு என்ன கொண்டுவரலாம்? அஜிதா பனங்கட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

சுசீலா மிஸ்


மாத்தளை
18 மார்ச் 2025

அன்புள்ள மிஸ்,

நேற்று படத்தை ஒட்டி முடித்துவிட்டேன். முடித்த உடனே உம்மாவைக் கூப்பிட்டேன், உம்மா பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார், இப்போது வீட்டில் இருக்க இடமில்லை. நான் அறையைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் மாடியில் கதிரையில் இருப்பதாகத்தானே பேச்சு? ஹாஜியார் கதிரைக்கு மேலே குடை வேறு கட்டியிருந்தார். முதல் தேர் கோயில் பக்கமிருந்து வளைவில் தெரிந்ததும் நான் எடுக்கத் தொடங்கினேன். ஐந்து தேரும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதால் கெமராவை மிக மெதுவாகத்தான் திருப்பினேன். ஒரு படம், பிறகு காத்திருப்பு, பிறகு அடுத்தது. நோன்பு, வெயில், நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் கதிரை காலி!

"ஹாஜியார், மிஸ் எங்க?"

"கீழ யாரோ கூப்பிட்டாங்க. 'ஒரு நிமிசம்'ன்டு போனா. அவட ஒரு நிமிசம் எனக்குத் தெரியும். கந்தோர்ல நின்டு பழகின ஆள் நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்குள் உங்களைத் தேட முடியாது, கெமராவை விடவும் முடியாது. இந்த முறையும் நீங்கள் இல்லாமல் படம் முடியப்போகிறது என்று நினைத்தேன். ஊர் உங்களை மறந்துபோச்சு என்று உங்கள் தம்பி சொன்னதைத்தான் நானும் நினைத்தேன் மிஸ்.

நேற்று பெரிதாக்கிப் பார்க்கிறேன், இடது முனையில் பூக்கடைக்கு முன்னால் நிற்கிறீர்கள். அதே மாம்பழச் சேலை. பூக்காரி உங்கள் தலையில் வைக்கப் பார்க்கிறாள், நீங்கள் தட்டிவிடுகிறீர்கள். சந்தோஷத்தில் கத்தினேன். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இரண்டாவது தேருக்குப் பக்கத்தில், தண்ணீர்ப் பந்தலில், ஸுபைதா ராத்தாவின் தோளில் கை போட்டு நிற்கிறீர்கள். இன்னும் தள்ளினால் ஒரு பஸ் சாரதி ஜன்னலால் தலையை நீட்டி உங்களோடு கதைக்கிறார், பின்னால் பஸ் வரிசை மறித்து நிற்கிறது. அதற்கப்பால் ஏதோ ஒரு பிள்ளையின் கன்னத்தைப் பிடித்திருக்கிறீர்கள். வலது முனையில், எங்கள் உம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு வருகிறார், நீங்கள் மூடியைத் திறந்து மணம் பார்க்கிறீர்கள்! தேர் போகிற பக்கம் நீங்களும் போனீர்கள், கெமராவும் அதே பக்கம் திரும்பியது. ஒவ்வொரு ஆளிடமும் நின்று கதைத்தபடியால் ஒரு இடத்திலும் கலங்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரு முகம், இரண்டு கை. ஒருவரையும் நான் தொடவில்லை. ஹாஜியாருடைய சாரத்தைக்கூட.

ஹாஜியாருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் படத்துல சாமி ஒரு தடவதான் இருக்கு, மிஸ்தான் எல்லா இடத்துலயும்" என்றார்.

அன்று பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மாடியில் எல்லாரும் வட்டமாக இருந்து கஞ்சி குடித்தோமே, எனக்கு அந்த நேரம் போதும் போல இருந்தது. அடுத்த நாள் நீங்கள் பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. "அவ அழுறா, கூப்பிடாத" என்று உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் வளவின் பின்னால் மாமா குடும்பம் இருந்த சின்ன வீடு காலியாக இருக்கிறது. வாசலுக்குத் தனி வழி. உம்மா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். ஒன்றும் சொல்லக் கூடாது, நீங்களே கேட்க வேண்டும் என்றார். நான் சொல்லிவிட்டேன்.

ஸஹ்னா


வவுனியா
26 மார்ச் 2025

அன்பின் ஸஹ்னா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தம்பி கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டான்.

"தனிய என்னெண்டு இருப்பீங்கள்? ஒரு காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது? நாங்கள் என்ன குறை விட்டனாங்கள்?"

"ஒரு குறையும் இல்லையடா. அதுதான் கஷ்டமாயிருக்கு."

அவன் எழுந்து போய்விட்டான். அவன் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. சின்ன வயதில் அவனைப் படிக்க வைத்தவள் நான். இனி என்னைப் பார்ப்பது தன் முறை என்று நினைக்கிறான். அவன் முறையை நான் பறிக்கிறேன்.

மறுநாள் நீ அனுப்பிய தேர்ப் படம் வந்து சேர்ந்தது. இந்த முறை அவனே ஒரு முனையைப் பிடித்தான். ஒவ்வொரு இடமாக என்னைக் கண்டுபிடித்துப் பிள்ளைகள் கத்தினார்கள். அவன் கத்தவில்லை. "இது ஆர்? இது ஆர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இவள் பூக்காரி, மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள். இவர் பஸ் சாரதி, தம்புள்ளைப் பாதையில் ஓடுகிறவர், தாயார் இப்போதுதான் சுகமாகி வருகிறார். அந்தப் பிள்ளையின் பெயர் ஆதிபா, எழுத்துப் பழகியதும் முதல் வாழ்த்தட்டை எனக்குத்தான் அனுப்பினாள். முனைக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "அக்கா, எங்கட இந்த ரோட்டில உங்களுக்கு எத்தின பேரைத் தெரியும்?"

யோசித்தேன். மருந்துக்கடைக்காரர் ஒருவரைத்தான் சொல்ல முடிந்தது. அவர் பெயரும் தெரியாது.

அவன் படத்தைச் சுருட்டி வைத்தான். மாலையில் யாரிடமோ தொலைபேசியில் கதைக்கிறான். கேட்டால், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஒன்றைப் பேசுகிறான். மாத்தளை வரை வந்து என் அலுமாரியை இறக்குமாம். "ஒரு நிபந்தனை அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கவேணும். கடிதம் எல்லாம் சரிவராது."

உம்மாவிடம் சொல், நான் கேட்கிறேன் என்று. சித்திரை வருடப் பிறப்பை இங்கே பிள்ளைகளோடு கொண்டாடிவிட்டு வருகிறேன். உங்கள் எல்லாருக்கும் முற்கூட்டியே பெருநாள் வாழ்த்து.

சுசீலா மிஸ்


மாத்தளை
2 ஏப்ரல் 2025

மிஸ்!!!

உம்மா பெருநாள் அன்று உங்கள் கடிதத்தைப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். உங்கள் சின்ன வீட்டுக்கென்று ஹாஜியார் புதுப் பூட்டு ஒன்று அனுப்பியிருக்கிறார். நான் சுவருக்கு நீலம் அடிக்கிறேன். அரைச் சுவர் முடிந்தது. வேறு நிறம் வேண்டுமென்றால் உடனே எழுதுங்கள், வேண்டாம், போன் எடுங்கள்!

ஸஹ்னா


மாத்தளை
23 ஏப்ரல் 2025

அன்பின் ஸஹ்னா,

நீ பல்லேகமயில் கலியாண வேலையில் இருக்கிறாய், அங்கே கைபேசி சரியாக எடுபடாது என்று உம்மா சொன்னார். ஆகவே நீ வந்ததும் வாசிக்க எழுதுகிறேன். உன் வளவின் பின் வீட்டிலிருந்து முன் வீட்டுக்கு எழுதும் கடிதம் இது. ஸுபைதா முத்திரை குத்தும்போது சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நேற்று வந்து சேர்ந்தேன். லொறிச் சாரதி கிஷாந்த் நல்ல பிள்ளை. மிளகாய் மூட்டைகளைத் தம்புள்ளையில் இறக்கிவிட்டு, முன் இருக்கையில் என்னை வைத்துக்கொண்டு வந்தான். நாலந்தா தாண்டும்போது கேட்டான், "அன்ரிக்கு எந்த ஊர்?"

என் உத்தியோக காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு "யாழ்ப்பாணம்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். மாத்தளைக் கவுண்டரில் இருந்துகொண்டு, மாத்தளைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். நேற்று "மாத்தளை" என்று வாயில் வந்தது. கொஞ்சம் சத்தமாகவே வந்தது. பாவம், அவன் மரியாதைக்காக "மாத்தளையில எங்க?" என்று கேட்டுவிட்டான். அலுவிகாரை வரும் வரை நான் நிறுத்தவில்லை. எந்த ஒழுங்கையில் யார் வீடு, எங்கே நல்ல பாண், எந்த மருத்துவர் சிரிப்பார், எவர் ஏசுவார் எல்லாம் சொன்னேன். கடைசியில், "அன்ரி, எனக்கும் இங்கயே ஒரு வீடு பாருங்க" என்றான்.

நீலம் அழகாக இருக்கிறது. யன்னலுக்கு உம்மா திரை தைத்திருக்கிறார். இன்று காலை பால் வாங்கப் போனேன். போகும்போது ஆறு மணி, திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பால் திரைந்துபோனது. அதில் ஒன்றும் வருத்தமில்லை.

சனிக்கிழமை நீ வந்துவிடுவாய் என்று உம்மா சொன்னார். மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன், மீன் உம்மா பொறுப்பு. கெமராவை வீட்டில் வைத்துவிட்டு வா. ஹாஜியாரையும் ஸுபைதாவையும் சொல்லியிருக்கிறேன், கதிரை போதாது, நீ வரும்போது இரண்டு கொண்டு வா.

உன் அன்ரி,
சுசீலா